ஒரு கிரவுண்டுக்கு மூன்று கிலோ தீவனம்

கோவளத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உள்ளடங்கி இருக்கும் ஒரு சிறு பண்ணையைப் பற்றிய ஆய்வு இது. உரிமையாளர்கள் அண்ணன், தம்பி இருவர். பெயர் வேண்டாம் என்றார்கள். பண்ணை வீடு கட்டுவதற்காக வாங்கிப் போட்ட இடத்தில் தார்ப்பாலின் தொட்டிகள் இரண்டை நிறுத்திக் கொடுவா மீன் வளர்க்கிறார்கள். பக்கத்தில் ஆழமில்லாத நீண்ட தொட்டிகளில் கடற்பாசி. மீனின் கழிவு பாசிக்கு உரம், பாசி சுத்தம் செய்த நீர் மீண்டும் மீனுக்கு. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகாது என்பதுதான் வருகிறவர்களிடம் அவர்கள் சொல்லிவந்த விளக்கம். அந்த விளக்கம் எந்த அளவுக்கு உண்மை என்று பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்தார்கள்.

அழைத்ததற்கு உடனடிக் காரணம் வேறு. காலையில் பாய்ந்து பாய்ந்து தீவனம் எடுக்கும் மீன்கள், பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு தீவனத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மிதவைத் தீவனம் அப்படியே மிதந்து, ஊறி, ஓரத்தில் ஒதுங்குகிறது. தம்பி தொட்டியோரம் நின்றபடி கேட்டார்: “பாசி இவ்வளவு செழிப்பாக வளர்கிறதே சார், அப்படியென்றால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?” பாசி செழித்தால் தண்ணீரில் அதற்கு நிறையச் சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். மீனுக்கு அது நல்ல செய்தியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சென்னைக்கு இது ஏன் முக்கியம்

தமிழகக் கடற்கரையில் குளத்து நீரை வெளியே விடுவது பழைய வழக்கு. 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது குடிநீர்க் கிணறுகள் உப்பாயின, வயல்கள் கெட்டன. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் குளங்கள் கூடாது என்றது. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரியிலிருந்து 1000 மீட்டருக்குள்ளும் கூடாது. பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு. அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாகவே 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ஆணையத்தின் தலைமையிடமும் சென்னைதான். 2023-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது கடற்பாசி வளர்ப்பும் அதன் வரம்புக்குள் வந்தது.

நீதிமன்றம் போகட்டும், நோயும் பாடம் சொன்னது. 1994-95-இல் வெண்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரை இறால் குளங்களைத் துடைத்தெடுத்தது. ஒரு பண்ணை வெளியே விடும் நீரை அடுத்த பண்ணை உள்ளே இறைக்கும் ஏற்பாட்டில் நோய் பரவாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடலில் கூண்டு போட்டு வளர்க்கலாமே என்றால், சென்னைக் கடற்கரை அதற்குத் தோதான இடமில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்தது. மீனைத் தரையில், நம் கைக்கெட்டும் தொட்டியில் வளர்ப்பதற்கு இங்கே நியாயம் இருக்கிறது. அந்தத் தொட்டி நீரைப் பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் பாசி பதிலாக வருகிறது.

இந்த யோசனை இங்கே பிறந்ததல்ல. செங்கடல் ஓரத்தில் இஸ்ரேலின் எய்லாட் நகரில் உள்ள கடல் வளர்ப்பு ஆய்வு மையம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மீன் தொட்டி நீரை உல்வா என்ற கடற்பாசி வளரும் தொட்டிகளின் வழியே ஓடவிட்டு அளந்து பார்த்தது. தென்னாப்பிரிக்காவில் அபலோன் என்ற கடல் நத்தையை வளர்க்கும் பண்ணைகள் உல்வாவைத் துடுப்புச் சக்கரம் சுழலும் நீண்ட வாய்க்கால்களில் வளர்த்து அந்த நத்தைக்கே தீனியாகப் போடுகின்றன. அங்கே பாசிக்கு வாங்குபவர் பண்ணைக்குள்ளேயே இருக்கிறார். நம் ஊரில் அந்த வசதி இல்லை.

மீன் பக்கத்தில் மட்டும் சென்னைக்குக் குறையே இல்லை. மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1987 முதல் இங்கே இயங்குகிறது. 1997-இல் கொடுவாவை வளர்ப்புச் சூழலில் இனப்பெருக்கம் செய்யவைத்து இந்தியாவுக்கு வழி காட்டியது அந்நிலையம்தான். அதன் முட்டுக்காடு ஆய்வுக் களம் இந்தப் பண்ணையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். பாசி பக்கத்திலும் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு: இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம். ஓ. பி. ஐயங்கார் ஆய்வு நடத்தியது இந்நகரில்தான். அப்படியும் பாசி என்றால் இங்கே பலருக்கும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவும் ஞாபகம்தான் வருகிறது.

பண்ணையில் இருந்தவை

ஆறு மீட்டர் விட்டம், ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழ நீர் கொண்ட வட்டத் தொட்டிகள் இரண்டு. இரண்டிலுமாகச் சுமார் 300 கிலோ கொடுவா. நாளொன்றுக்கு ஆறு கிலோ தீவனம். பாசிக்கு 60 சதுர மீட்டர். மாமல்லபுரம், கோவளம் பக்கத்துக் கடலோரப் பாறைகளில் காலை வழுக்கிவிடும் அதே உல்வாதான். இலைபோல் மெல்லியதாய், கீரைப் பச்சையில் இருக்கும். காற்றுக் குழாயின் குமிழிகள் அதைக் கீழிருந்து மேலாகப் புரட்டிக்கொண்டே இருந்தன. உப்பு நீர் போர்வெல்லிலிருந்து. தொட்டிகளின் மேல் கூரை இல்லை. வாரம் ஒருமுறை ஒரு பகுதி நீர் மழைநீர் வாய்க்காலுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த வாய்க்கால் போய்ச் சேருமிடம் பக்கிங்காம் கால்வாய். ஒரு சொட்டும் வெளியே போகாது என்ற விளக்கத்தில் இந்த வாரக் கணக்கு சேரவில்லை. கேட்டபோது அண்ணன், “அது கழிவு இல்லை, நீர் மாற்றுவது” என்றார்.

தழைச்சத்துக் கணக்கு

இந்தத் தொழிலில் எல்லோரும் மீன் எத்தனை என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது தீவனம் எத்தனை கிலோ என்பதுதான். தண்ணீரைக் கெடுப்பதெல்லாம் தீவன மூட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறது.

கொடுவா ஊன் உண்ணும் மீன். அதன் தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 45 பங்கு அளவில் இருக்கும். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், விவசாயியின் மொழியில் தழைச்சத்து. ஆக, ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 72 கிராம் தழைச்சத்து. இதில் மூன்றில் ஒரு பங்கு மீனின் உடம்பில் சேர்ந்தால் நல்ல நிர்வாகம் என்று சொல்ல வேண்டும். மீதி ஏறத்தாழ 50 கிராம் நீருக்குத்தான் வரும். பத்து கிராம் அளவுக்குச் சாணமாகவும் தின்னாத தீவனமாகவும் அடியில் படியும். நாற்பது கிராம் அம்மோனியாவாக, பெரும்பாலும் மீனின் செவுள் வழியே, நேரே நீரில் கரையும். பாசி எடுத்துக்கொள்வது இந்த நாற்பதைத்தான். அடியில் படிவதைப் பாசியால் ஒன்றும் செய்ய முடியாது. அது பாசியின் மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

இனி பாசியின் பக்கம். ஈரமான உல்வா ஒரு கிலோவை உலர்த்தினால் 120 முதல் 150 கிராம் தேறும். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு தழைச்சத்து என்று வைத்தால், ஈரப் பாசி ஒரு கிலோ வளர்ந்து அறுவடையாகும்போது நீரிலிருந்து வெளியேறுவது ஐந்தாறு கிராம். நாற்பது கிராமை எடுக்க ஏழெட்டுக் கிலோ புதிய பாசி வேண்டும். அதுவும் ஒரே நாளில், ஒரு கிலோ தீவனத்துக்கு மட்டும். நம் வெயிலில், நம் நிர்வாகத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் ஈரப் பாசி வளர்ச்சி என்று அடக்கமாக எடுத்துக்கொள்கிறேன். நன்கு நடத்தப்பட்ட தொட்டிகளில் இதைவிட இரு மடங்குகூட வரும். ஆனால் நன்றாக நடக்கும் நாளை வைத்துப் பண்ணை கட்டக்கூடாது. அப்படியானால் ஒரு கிலோ தினசரித் தீவனத்துக்கு 70 முதல் 80 சதுர மீட்டர் பாசித் தொட்டி.

சென்னையில் நிலத்தை யாரும் சதுர மீட்டரில் பேசுவதில்லை. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். எனவே ஒரு கிரவுண்ட் பாசிக்கு மூன்று கிலோ தீவனம். மூன்று கிலோ தீவனம் என்றால், உடல் எடையில் இரண்டு சதவீதக் கணக்கில், 150 கிலோ மீன். அந்த 150 கிலோ மீன் நீந்துவதற்கு ஒரு வட்டத் தொட்டி போதும். மீனுக்கு ஒரு பங்கு இடமென்றால் பாசிக்கு ஏழெட்டுப் பங்கு.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. அவர்கள் போட்ட ஆறு கிலோவுக்கு இரண்டு கிரவுண்ட் பாசி வேண்டும். இருந்ததோ கால் கிரவுண்டுக்குச் சற்று அதிகம். கரைந்த தழைச்சத்தில் ஏழில் ஒரு பங்கைத்தான் பாசி எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சம் ஆறு பங்கு?

பிற்பகலில் நடந்தது

ஒரு பகுதி வாரா வாரம் வாய்க்காலுக்குப் போனது. இன்னொரு பகுதியை யாரும் விதைக்காத வேறொரு பாசி எடுத்துக்கொண்டது. கூரையில்லாத தொட்டி, சென்னை வெயில், நீர் நிறைய உரம். மீன் தொட்டி நீரே பச்சையாகிவிட்டது. கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத மிதவைப் பாசிகள் கோடிக்கணக்கில் பெருகியிருந்தன. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தால் முழங்கை ஆழத்திலேயே மறைந்துவிடும். உரிமையாளர்கள் அந்தப் பச்சையையும் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பகலில் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடும். உறிஞ்ச உறிஞ்ச நீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஏறும். நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, மின்னேற்றம் பெற்ற, மீனை அதிகம் பாதிக்காத வடிவம். மற்றது செவுளுக்குள் புகுந்து நஞ்சாகும் வடிவம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது முதன்மையாகப் பி.எச்.; அடுத்து வெப்பம். 30 டிகிரியில், உப்பு நீரில், பி.எச். 7.8 என்றால் நஞ்சு வடிவம் நூற்றில் நான்கு பங்கு அளவில் இருக்கும். அதே நீரின் பி.எச். 8.8 ஆனால் நூற்றில் 25 பங்கைத் தாண்டிவிடும். ஒரு துளி அம்மோனியாகூடப் புதிதாகச் சேரவில்லை. நஞ்சு மட்டும் ஆறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

பண்ணையில் டெஸ்ட் கிட் இருந்தது. காலை ஏழு மணிக்கு மட்டும் பயன்படுத்தினார்கள். அந்த நேரத்தில் பி.எச். அன்றைய நாளிலேயே மிகவும் தாழ்ந்திருக்கும். அளவு எப்போதும் நன்றாகவே வந்ததில் வியப்பில்லை. மாலை நான்கு மணிக்கு அளக்கத் தொடங்கியதும் மீன் ஏன் வாயை மூடிக்கொள்கிறது என்பது எண்ணிலேயே தெரிந்துவிட்டது.

இரவில் நிலைமை தலைகீழ். பாசி ஆக்சிஜன் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் தானும் மூச்சு வாங்கத் தொடங்கும். 30 டிகிரிக் கடல்நீர் முழுதாக நிறைந்திருக்கும்போதே லிட்டருக்குச் சுமார் ஆறு மில்லிகிராம் ஆக்சிஜன்தான் தாங்கும். அதை மீனும், மிதவைப் பாசியும், உல்வாவும், அடியில் அழுகும் தீவனமும் பங்குபோட்டால் விடியற்காலை நான்கு மணிக்குக் கணக்குப் பொய்த்துவிடும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் தொட்டி மீன் முழுதும் செத்து மிதக்கும். ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். ஆனால் அதைத் தொடக்க ஆள் வர வேண்டும், அந்த ஆள் உறங்குவது கேளம்பாக்கத்தில்.

மாற்றியவை

முதலில் மீன் தொட்டிகளின் மேல் நிழல்வலை. வெயில் உல்வாவுக்கு மட்டும் போதும், மீனுக்குத் தேவையில்லை. மிதவைப் பாசியின் கொட்டத்தை அடக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. வலை கட்டிய பிறகு நீரின் பச்சை மெல்ல வெளுத்தது. அந்த வெளுக்கும் காலத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும்: சாகும் மிதவைப் பாசி அழுகி ஆக்சிஜனைத் தின்னும். தீவனத்தைக் குறைத்து, காற்று ஊதும் புளோயரை இரவும் பகலும் ஓட்டினார்கள்.

அடுத்து, திடக்கழிவைப் பிரித்தல். வட்டத் தொட்டி இருப்பதே நீர் சுழன்று சாணம் நடுவில் சேர்வதற்காகத்தான். நடுவில் வடிகுழாயும் இருந்தது, திறப்பதுதான் வாரம் ஒருமுறை. இப்போது ஒவ்வொரு தீவன வேளைக்குப் பிறகும் சில நிமிடங்கள் திறக்கப்படுகிறது. அந்த அடிக்கழிவு வாய்க்காலுக்குப் போவதில்லை. பழைய சிமென்ட் தொட்டி ஒன்றில் மடவைக் குஞ்சுகளை விட்டு அதற்குள் திருப்பினோம். மடவை அடிச் சேற்றை உறிஞ்சி மேயும் மீன். தின்றது போக மிஞ்சும் வண்டல் அங்கேயே தங்கிவிடும்.

மூன்றாவது மாற்றத்தைச் சொன்னபோதுதான் தகராறு. மீனைப் பாதியாகக் குறைக்க வேண்டும். “ஆறு மாதம் வளர்த்த மீனை எடை சேரும் முன் விற்பதா?” என்று அண்ணன் கேட்டார். நியாயமான வருத்தம்தான். ஆனால் தண்ணீருக்கு அந்த வருத்தம் புரியாது. பெரிய மீன்களைப் பிரித்து விற்றார்கள். தீவனம் மூன்று கிலோவுக்கு வந்தது. புல்தரைக்கென்று ஒதுக்கியிருந்த இடமும் போய், பாசித் தொட்டி 150 சதுர மீட்டராயிற்று. என் கணக்குப்படி கரைந்த தழைச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை அது எடுக்கும்.

மீதி ஒரு பங்குக்குப் பாக்டீரியா. பிளாஸ்டிக் துண்டுகள் நிரப்பிய டிரம் ஒன்றில் அவை குடியேறி அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஒரு கிராம் அம்மோனியத் தழைச்சத்துக்கு நாலரை கிராம் ஆக்சிஜனைச் செலவழிக்கும். நீரின் காரத்தன்மையையும் குறைக்கும். பாசியோ பகலில் ஆக்சிஜனைத் தந்துகொண்டே அதே வேலையைச் செய்கிறது. பாக்டீரியாவின் பலம் வேறிடத்தில்: இரவிலும், மூடிய வானத்திலும் அது வேலை நிறுத்தம் செய்யாது. பாசி மட்டுமே போதும் என்று தூய்மைவாதம் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐப்பசியில் ஐந்து நாள் வெயில் தலைகாட்டாவிட்டால் அவர்களுடைய மீனை யார் காப்பாற்றுவது?

உபரி நீர் இப்போதும் கொஞ்சம் உண்டு. அதற்கு உமரிப் பாத்தி போட்டிருக்கிறார்கள். உப்பு நீரிலேயே தழைக்கும் செடி என்பதால் வாய்க்காலுக்குத் திறக்கும் வால்வைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட முடிந்தது. எல்லாம் நிலைப்பட்டபின் பிற்பகல் தீவனத்தை மீன் மீண்டும் எடுக்கத் தொடங்கியது.

பாசியை வாங்குவது யார்

150 சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 15 கிலோ ஈரப் பாசி எதிர்பார்க்கலாம். உலர்த்தினால் இரண்டு கிலோ. ராமநாதபுரம் பக்கம் கஞ்சிப்பாசிக்கும் மரிக்கொழுந்துப் பாசிக்கும் வாங்குபவர் உண்டு, கூழாக உறையவைக்கும் அகார் எடுக்கிறார்கள். கப்பாபைகஸ் பாசிக்கும் உண்டு. அதிலிருந்து உணவைக் கெட்டிப்படுத்தும் கராஜினன் வருகிறது. உல்வாவிலிருந்து இவ்விரண்டும் வராது. அப்படியானால் கஞ்சிப்பாசியையே வளர்ப்போமே என்று தம்பி கேட்டார். வளர்க்கலாம்; ஆனால் அம்மோனியாவை உல்வாவின் வேகத்தில் அது எடுக்காது. மேலும், இரண்டு மூட்டைப் பாசிக்காக வியாபாரி யாரும் கோவளம் வரை லாரி அனுப்பப்போவதில்லை.

பாசியை இரண்டாவது பயிர் என்று திட்டத்தில் எழுதி, அதற்கு ஒரு வருமானமும் போட்டு, வங்கிக் கடன் கேட்பவர்களைப் பார்த்துவருகிறேன். அந்த வருமானத்தை எழுதிய வரியை அடித்துவிட்டும் திட்டம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பாசி இங்கே தண்ணீரைக் கழுவும் கூலியாள். அதன் வேலை அறுவடையோடு முடிந்துவிடுகிறது. இந்தப் பண்ணையில் ஒரு பகுதி மடவைக்குத் தீனியாகிறது; மற்றது நல்ல நீரில் அலசி, உப்பு நீக்கி, தென்னைக்கு உரமாகிறது. அறுவடையை மட்டும் தவறவிடக்கூடாது. சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டி நெருக்கினால் மேற்பாசி கீழ்ப்பாசியை மறைத்து வளர்ச்சி நின்றுவிடும். உல்வாவுக்கு இன்னொரு குணம் உண்டு. வெப்பமோ சத்தோ திடீரென்று மாறினால் உடம்பையே வித்துகளாக்கி நீரில் உதிர்த்துவிடும். ஓரங்கள் வெளுத்து, ஒரே இரவில் தொட்டி காலியானதுபோல் ஆகும். அதனால் தனித் தொட்டியில் விதைப்பாசி எப்போதும் இருக்க வேண்டும்.

நிலமும் மழையும்

நாளொன்றுக்கு மூன்று கிலோ தீவனம் என்றால் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோ. ஒரு கிலோ மீனுக்கு 1.6 கிலோ தீவனம் என்ற விகிதத்தில் 650 முதல் 700 கிலோ கொடுவா. கிழக்குக் கடற்கரைச் சாலை நில மதிப்புக்கு இது வட்டிக்கே காணாது. ஏற்கெனவே கையில் நிலம் இருக்கிறவர், மீனை உயிரோடு உணவகங்களுக்கு நேரடியாகக் கொடுக்க முடிகிறவர் செய்யலாம். தொழிலாகச் செய்ய நினைப்பவருக்கு நான் காட்டும் திசை வேறு: மீஞ்சூர், பொன்னேரி பக்கம் அளவு மீறிய உறிஞ்சலால் நிலத்தடி நீர் உப்பேறிய, வேறு பயிர் ஏறாத நிலங்கள், தெற்கே செய்யூர், மரக்காணம் பக்கத்து உப்பு நிலங்கள். அங்கே பாசிக்கு இடம் கொடுப்பது பணத்தைக் கரைப்பதாகாது. ஆனால் அங்கும் கடலேற்றத்தின்போது அலை எட்டும் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர், கழிமுகம், ஏரி எல்லை எல்லாவற்றையும் அளந்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 30 சென்டிமீட்டர் ஆழப் பாசித் தொட்டியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஆயிரத்துக்கு 30 பங்கு உப்பு 22.5-க்கு இறங்கும். கொடுவா நன்னீரிலிருந்து கடல்நீர் வரை தாங்கும் மீன். உல்வாவும் ஓரளவு தாங்கும். திடீர் இறக்கம்தான் வித்து உதிர்வுக்கு வழி வைக்கும். மேல் மட்டத்தில் வழிந்தோடும் குழாய் வைத்தால் லேசான மழைநீர் மேலோடு போய்விடும் என்று பொருத்தியிருக்கிறோம். குமிழிக் காற்றை மழை நேரத்தில் நிறுத்தினால்தான் அது பலிக்கும்.

மழைக்காலத்துக்குத் தீவன அட்டவணை வேறு. வானிலை மையம் கனமழை என்று அறிவித்தால் முந்தின நாளே தீவனம் பாதி. வெயில் திரும்பும்வரை அதே நிலை. இதைவிட நல்லது, அந்த மூன்று மாதங்களுக்குத் தொட்டியில் பெரிய மீனே இல்லாமல் பார்த்துக்கொள்வது. நூறு கிராம் குஞ்சுகளைப் பொங்கலுக்குப் பிறகு இறக்கி, தொடக்கத்தில் ஒன்றையொன்று விழுங்கிவிடாதபடி அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே வந்து, செப்டம்பர் கடைசிக்குள் பிடித்துவிட வேண்டும் என்று அடுத்த பட்டத்துக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஜெனரேட்டருக்குத் தானியங்கி சுவிட்ச் பொருத்தியாயிற்று.